மாணவர் பாதுகாப்பும் பெற்றோர் அச்சமும்

(பெங்களூரில் தமிழ் பேசும் கட்சித் தோழர்களும் அவர்தம் குடும்பத்தாரும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிற தோழர்கள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பேசுவதைத் தமிழாக்கித் தருவதே இத்தகைய கூட்டங்களில் எனக்குள்ள வழக்கமான பணி. இன்று என்னையே பேசப் பணித்திருக்கிறீர்கள். பேசுபொருளும் நீங்களே தந்ததுதான். சென்ற கிளைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரல் முடிந்து எல்லோரும் எழுந்த வேளையில், பீன்யா தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒரு தோழர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியை எழுப்பினார். அவருடைய மகள் இரண்டாம் பியுசியில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள். நகரின் மறுகோடியிலுள்ள கல்லூரியில் அவள் விரும்பிய பாடப்பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். "பேப்பரைத் திறந்தாலே பயமாக இருக்கிறது தோழர். அனுப்பலாமா, வேண்டாமா?" என்றார். உழைப்பாளர் போராட்டங்களில் தடியடிக்கு அஞ்சாத தோழர் அவர். அவர் குரல் அன்று நடுங்கியதை நாம் கேட்டோம். அங்கிருந்த எவராலும் உடனே விடை சொல்ல இயலவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இவ்வுரை.

அச்சம் பொய்யன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரின் அச்சத்தைப் "பிற்போக்கு" என்று முத்திரை குத்தி ஒதுக்கும் உரிமை நமக்கு இல்லை. அந்த அச்சத்திற்கு இந்நகரமே காரணங்களை அடுக்கித் தந்திருக்கிறது.

2012 அக்டோபர் 13 இரவு, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில், அருகிலுள்ள தேசியச் சட்டப் பள்ளியில் பயின்றுவந்த மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் வளாகம் அது. அதை ஊடறுத்துப் பொதுச்சாலைகள் செல்கின்றன. அடுத்த ஆண்டு குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில், அதே வளாகத்திற்குள் கணிதத்துறை முதுநிலை மாணவி ஒருவர் மாநகரப் பேருந்தின் சக்கரத்தில் சிக்கிப் படுகாயமுற்று, சில நாள்களில் உயிரிழந்தார். 2023 ஜனவரியில், நகரின் வடபுறத்திலுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில், மூடபித்ரியிலுள்ள ஒரு தனியார் கல்லூரி மாணவியைப் பெங்களூருக்கு வரவழைத்து வன்கொடுமை செய்ததாக, அவருடைய விரிவுரையாளர் இருவரும் அவர்களுடைய நண்பர் ஒருவரும் கைதாயினர். 2025 அக்டோபரில், பசவனகுடியிலுள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டடத்திற்குள்ளேயே, சக மாணவியை வன்கொடுமை செய்ததாக எழுந்த புகாரின்பேரில் ஒரு மாணவன் கைது செய்யப்பட்டான்.

இவற்றை நான் வரிசைப்படுத்துவது உங்கள் அச்சத்தைப் பெருக்குவதற்காக அன்று. வரிசையைச் சற்று உற்றுநோக்க வேண்டுகிறேன். முதல் நிகழ்வில் குற்றம் புரிந்தவர்கள் அறிமுகமற்றவர்கள், நேரம் இரவு. மற்றவற்றில்? பொதுப்போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட வளாகச் சாலை, முன்பே அறிமுகமான இளைஞன், பாடம் நடத்திய விரிவுரையாளர், உடன் பயின்ற மாணவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர். நாம் இருட்டுக்கும் முகந்தெரியாதவனுக்கும் அஞ்சுகிறோம். ஆபத்தோ பட்டப்பகலில், அடையாள அட்டை அணிந்து, வாயிற்கதவுக்கு உட்புறத்திலிருந்தும் வருகிறது.

எனவே நம் அச்சம் நியாயமானது. ஆனால் அது பார்க்க வேண்டிய திசைகளில் ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இற்செறிப்பு

தமிழ் இலக்கியம் பயின்றோருக்கு "இற்செறிப்பு" என்னும் சொல் தெரிந்திருக்கும். களவுக் காதல் ஊரார் வாயில் அலராகப் பரவும்போது, பெற்றோர் தலைவியை வீட்டை விட்டு வெளியேற விடாது காவலில் வைப்பதை அகத்திணை மரபு இச்சொல்லால் குறித்தது. ஊர் தூற்றினால் ஒடுக்கப்படுபவள் பெண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு இச்சொல் இலக்கண நூலில் மட்டுமே உயிர்வாழும் என்று நான் எண்ணியிருந்தேன். மைசூரு என் எண்ணத்தைப் பொய்யாக்கியது.

2021 ஆகஸ்ட் 24 மாலை, சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். உடனிருந்த நண்பர் தாக்கப்பட்டார். அன்றைய பாரதிய ஜனதா அரசின் உள்துறை அமைச்சர் அரக ஞானேந்திரா, ஆள் நடமாட்டமற்ற அவ்விடத்திற்கு அவர்கள் சென்றிருக்கக் கூடாது என்று திருவாய் மலர்ந்தார். கண்டனம் வலுத்த பின்னரே சொற்களைத் திரும்பப் பெற்றார். அடுத்து மைசூர்ப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாலை 6.30 மணிக்குமேல் மானசகங்கோத்திரி வளாகத்தில் மாணவியர் தனியாக நடமாடக் கூடாது! குற்றம் நடந்தது வளாகத்திற்கு வெளியே. தடை விதிக்கப்பட்டது வளாகத்திற்கு உள்ளே. குற்றம் செய்தோர் ஆண்கள். தடை விதிக்கப்பட்டதோ பெண்களுக்கு. மாணவர்கள் எதிர்த்துக் குரலெழுப்பியதால் அச்சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வழக்கில் கைதானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூலிவேலைக்குச் சென்றவர்கள். ஆணாதிக்கத்திற்கு மொழி எல்லை கிடையாது. "நம்மவர்" என்ற காரணத்தால் எவருக்கும் நாம் நற்சான்று வழங்க முடியாது.

காங்கிரஸ் ஆட்சியில் நிலைமை வேறுபட்டதா? 2016 டிசம்பர் 31 இரவு எம்.ஜி. சாலையிலும் பிரிகேட் சாலையிலும் பெண்கள் கும்பலாகச் சூழப்பட்டுச் சீண்டப்பட்டபோது, உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா இளைஞர்களின் மேற்கத்திய மோகத்தையும் உடையையும் குறை கூறினார். 2025 ஏப்ரலில் பி.டி.எம். லேஅவுட்டில் தெருவில் நடந்து சென்ற பெண்கள் தாக்கப்பட்டபோதும் அவரே உள்துறை அமைச்சர். பெருநகரத்தில் ஆங்காங்கே இப்படி நடக்கத்தான் செய்யும் என்றார். பின்னர் வருத்தம் தெரிவித்தார். கொடிகளின் நிறம் மாறியது. பேச்சின் சாரம் மாறவில்லை. பாதுகாக்க வேண்டிய அரசு தன் பொறுப்பைப் பெண்ணின் உடையிலும் கடிகாரத்திலும் இறக்கிவைக்கிறது.

என் வீட்டுக் கதை

பிறரைக் குறை சொல்லும் நான் என் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் விமர்சனம் நமக்குப் புதிதன்று.

என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று விதி வகுத்தேன். அவளுக்கு மூத்தவனான மகனுக்கு அப்படியொரு விதி இருந்ததில்லை. மாதர் தின மலருக்குச் சமத்துவம் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்த்துக்கொண்டே இந்த விதியை நான் வகுத்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதலாண்டின் இறுதியில் அவள் உணவு குறைத்தாள், பேச்சும் குறைந்தது. தேர்வுப் பதற்றம் என்று நாங்கள் கருதினோம். உண்மை அதுவன்று. நாள்தோறும் ஒருவன் பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாயில்வரை அவளைப் பின்தொடர்ந்திருக்கிறான். ஒருமுறை கையைப் பற்றி இழுத்திருக்கிறான். இரண்டு மாதங்கள் இது தொடர்ந்தது. அவள் தோழி ஒருத்தி என் மனைவியிடம் சொன்ன பிறகே எங்களுக்குத் தெரியவந்தது.

"ஏனம்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் காலேஜை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் அப்பா" என்றாள்.

தோழர்களே, அவனைக் கண்டு அவள் அஞ்சியது உண்மை. அவனைவிட என்னைக் கண்டு அதிகம் அஞ்சியிருக்கிறாள். நான் காவல் என்று கருதிய விதிதான் அவள் வாயைப் பூட்டியது. அந்த இரண்டு மாதங்கள் அவளைப் பின்தொடர்ந்தவனுக்கு நானே பாதுகாப்பு அளித்திருக்கிறேன்.

நான் கற்ற பாடம் இதுதான். துன்பத்தைச் சொல்லும் பெண் தன் படிப்பை இழக்க நேருமெனில் அவள் சொல்ல மாட்டாள். அவள் சொல்லாதவரை எந்த மதிலும், எந்தக் கேமராவும் அவளைக் காக்காது. வீட்டுக்கு இது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு கல்லூரிக்கும் பொருந்தும், நகருக்கும் பொருந்தும்.

விற்பனைக்கு வந்த பாதுகாப்பு

மொழிபெயர்ப்பாளனுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்கிறேன். ஆங்கிலத்தில் "சேஃப்டி", "செக்யூரிட்டி" என்று இரு சொற்கள் உள்ளன. தமிழில் இரண்டையும் "பாதுகாப்பு" என்றே எழுதிவிடுகிறோம். தனியார் கல்லூரிகளுக்கு இந்தக் குழப்பம் மிகவும் வசதியானது. பெற்றோர் கேட்பது முதலாவது. நிர்வாகம் தருவது இரண்டாவது. பெற்றோர் கூட்டத்தில் கவலையைச் சொன்னால், கேமராக்களின் எண்ணிக்கையையும் விரல்ரேகைக் கருவியையும், வருகைப் பதிவைப் பெற்றோர் கைப்பேசிக்கு அனுப்பும் செயலியையும் காட்டுகிறார்கள். அவற்றுக்கான செலவு கட்டணத்தில் ஏறுகிறது. கேமரா முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சாட்சியமாக அது உதவும். ஆனால் நடந்ததைப் பதிவு செய்யும் கருவி, நடக்கவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஈடாகாது.

வாயிலில் நிற்கும் காவலாளியைப் பாருங்கள். நாம் "செக்யூரிட்டி" என்றே அவரை அழைக்கிறோம். அவருக்கோ எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒப்பந்த நிறுவனம் வழியாக அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர். எந்த மாதமும் வேறிடத்திற்கு மாற்றப்படக்கூடியவர். மாணவர்களின் முகங்களை அறிந்துகொள்ளக்கூட அவருக்கு அவகாசம் கிடையாது. அவரை நிரந்தரப் பணியாளராக்காமல், பயிற்சி அளிக்காமல், வளாகம் எப்படிப் பாதுகாப்பாகும்? தொழிலாளர் உரிமைக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பைக் கட்சி உறுப்பினர்களாகிய நாமே மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

தங்குமிடத்தின் நிலை இன்னும் மோசம். அரசு விடுதிகள் போதாமையால் வெளியூர் மாணவர்கள் "பி.ஜி." எனப்படும் தனியார் தங்குமிடங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள். 2024 ஜூலையில் கோரமங்களாவில் அத்தகைய மகளிர் தங்குமிடம் ஒன்றுக்குள் நுழைந்த ஒருவன், அங்குத் தங்கியிருந்த இளம்பெண்ணைக் கொலை செய்தான். அதற்குப் பின்னரே அன்றைய பெங்களூரு மாநகராட்சி விழித்துக்கொண்டு விதிமுறைகளை அறிவித்தது. ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரக் காவலர், தீத்தடுப்பு ஏற்பாடு, உணவுக்கூட உரிமம் என்றெல்லாம் அவை கூறுகின்றன. ஒரே அறையில் நான்கு, ஐந்து கட்டில்களை நெருக்கிப் போட்டு வாடகை வாங்கும் உரிமையாளரிடம் இவ்விதிகளைப் படித்துக் காட்டுபவர் யார்? ஓர் உயிர் போன பிறகு எழுதப்படும் விதி, அடுத்த உயிர் போகும்வரை கோப்பில் உறங்குகிறது.

போக்குவரத்தும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய "சக்தி" திட்டம் கர்நாடகப் பெண்களுக்கு அரசுப் பேருந்துகளில் இலவசப் பயணம் அளித்தது. உழைக்கும் வீட்டுப் பெண்பிள்ளைகள் தொலைவிலுள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அது வழி திறந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இலவசச் சீட்டு இருந்தால் போதாது, இரவில் பேருந்தும் வர வேண்டுமே! மெட்ரோவிலோ 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாயிற்று. வெளிச்சமும் கூட்டமும் உள்ள பயணம் காசுள்ளவர்க்கு என்றும், இருண்ட நிறுத்தத்தில் காத்திருத்தல் ஏழைக்கு என்றும் பாதுகாப்பே வர்க்கமாகப் பிரிக்கப்படுகிறது.

யாருடைய பிள்ளைகள்?

"மாணவர் பாதுகாப்பு" என்னும்போது எந்த மாணவர் நம் கண்முன் வருகிறார்? 2012 ஆகஸ்டில், வதந்தி ஒன்றால் கலங்கிய வடகிழக்கு மாநில மாணவர்களும் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்து, சிறப்பு ரயில்களில் குவாஹாட்டிக்குப் புறப்பட்டார்கள். 2016 ஜனவரி இறுதியில், ஹெசரகட்டாவுக்கு அருகே, வேறொருவர் ஓட்டிய கார் ஏற்படுத்திய விபத்துக்காக, எந்தத் தொடர்புமற்ற தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கி இழிவுபடுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், காவிரிப் பிரச்சினையை ஒட்டி, சமூக ஊடகப் பதிவுக்காகத் தமிழ் மாணவர் ஒருவர் கிரிநகர்ப் பகுதியில் அடித்து மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டார். 1991 டிசம்பரின் நினைவுகள் நம்மில் மூத்தோருக்கு அன்று மீண்டும் எழுந்தன. நமக்கு அன்று நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியெனில், மணிப்பூர் மாணவரும் ஆப்பிரிக்க மாணவரும் காஷ்மீர் மாணவரும் நம் தெருவில் வீடு தேடி அலையும்போது, நாம் அவர்களுக்கு யாராக இருக்கிறோம்?

சங் பரிவாரம் இந்த அச்சத்தை வேறு விதமாக அறுவடை செய்கிறது. 2024 ஏப்ரல் 18 அன்று ஹுப்பள்ளியில் ஒரு கல்லூரி வளாகத்திலேயே மாணவி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளியாகக் கைதானவன் முஸ்லிம் என்பதால், அக்கொடூரம் உடனே தேர்தல் முழக்கமாக்கப்பட்டது. ஒரு மாதம் முடிவதற்குள், மே 15 அன்று, அதே நகரில் மற்றோர் இளம்பெண் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அங்கே கைதானவன் இந்து. முன்பே வந்த மிரட்டலைப் பற்றிக் குடும்பத்தார் சொல்லியும் காவல்துறை பொருட்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில் அதிகாரிகள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு இல்லை என்று கருதும் ஆண்திமிரே இரண்டு கொலைகளுக்கும் பொதுவானது. அதை மதச்சண்டையாக்குவோர் நம் மகள்களின் பாதுகாவலர் அல்லர். 2009 ஜனவரியில் மங்களூரு மது விடுதியில் பெண்களை அடித்து விரட்டியவர்களும் தங்களைப் பண்பாட்டுக் காவலர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

கோபத்தோடு நின்றுவிடாமல், கையிலுள்ள கருவிகளையும் பார்ப்போம். ராஜஸ்தானின் பன்வாரி தேவி நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக 1997 இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013 இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. அவற்றைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் மூத்த நிலையிலுள்ள பெண். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பாளர் அதில் இடம்பெறக் கூடாது. மாணவர் தொடர்பான புகாராயின் மூன்று மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருந்தால் காலம் நீட்டிக்கப்படும். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும். நம் கேள்விக்கு நேரடி விடையான விதியும் அதில் உள்ளது: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை விடுதிப் பெண்கள்மீது சுமத்தக் கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், பெண்கள் விடுதிக்கு மட்டும் முன்னதாகவே பூட்டு விழுவது ஏன்?

காவல் நிலையத்திலும் நமக்கு உரிமை உண்டு. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். எல்லை காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்குப் புதிய நியாய சன்ஹிதாவின் 199 ஆம் பிரிவு சிறைத்தண்டனை விதிக்கிறது.

பறிக்கப்பட்ட மாணவர் சங்கம்

இப்போது ஒரு கேள்வி. புகார்க் குழுவின் மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது யார்? கர்நாடகத்தில் 1980-களின் இறுதியில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. காரணமாகக் கூறப்பட்டது என்ன தெரியுமா? வளாக வன்முறை, அதாவது மாணவர்களின் பாதுகாப்பு! அன்று மாணவராக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று மாணவர்களாகிவிட்டார்கள். ஒரு தலைமுறை முழுவதும் வாக்களிக்காமலே பட்டம் பெற்றுச் சென்றது. 2006 இல் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்று, மாணவர் தேர்தலுக்கு நெறிமுறை வகுத்த பின்னரும் இங்குக் கதவு திறக்கவில்லை. ஆகவே பெரும்பாலான கல்லூரிகளில் நிர்வாகம் யாரைச் சுட்டுகிறதோ அவரே "மாணவர் பிரதிநிதி". தன் ஆசிரியர்மீது புகார் கூற விரும்பும் பெண், அந்த ஆசிரியர் பரிந்துரைத்த மாணவன் அமர்ந்திருக்கும் குழுவின் கதவைத் தட்டுவாளா?

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் இயங்கிய பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புக் குழுவில் மாணவர், ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வந்தனர். 2017 இல் நிர்வாகம் அதைக் கலைத்து, நியமனக் குழுவை அமர்த்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மாணவியர், வளாகத்தில் தங்களுள் ஒருவர் சீண்டப்பட்டதை எதிர்த்துத் தெருவிளக்கும் காவலும் கேட்டு வாயிலில் அமர்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது இரவில் தடியடி. குரல் எழுப்பும் மாணவியரை அடக்கிவிட்டு, பாதுகாப்பைப் பற்றிப் பேசும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

குரல் எழும்போது நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி அவரை மிரட்டியிருந்தான். அவர் அஞ்சி ஒடுங்கவில்லை, புகார் அளித்தார். முதல் தகவல் அறிக்கையே அவருடைய விவரங்களுடன் வெளியில் கசிந்தது. அரசமைப்பு அவருக்கு இழைத்த இரண்டாவது கொடுமை அது. மாணவர் அமைப்புகள் வீதிக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2025 ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பற்ற ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்தரை மாதங்களில் நீதி! ஞானபாரதி விபத்துக்குப் பிறகு, வளாகத்திற்குள் பொதுப்போக்குவரத்தைத் தடைசெய்யக் கோரி நாள்கணக்கில் அமர்ந்தவர்களும் மாணவர்களே. சங்கம் இல்லாத நிலையிலேயே இவ்வளவு செய்தவர்கள், சங்கம் இருந்தால் ஒரு தோழியை இழப்பதற்கு முன்பே அதைச் சாதித்திருக்கக்கூடும்.

நம் கோரிக்கைகளும் கடமைகளும்

அரசிடமும் நிர்வாகங்களிடமும் நாம் முன்வைக்க வேண்டியவை இவை:

1. ஒவ்வொரு கல்லூரியிலும் சட்டப்படியான புகார்க் குழு. மாணவர் உறுப்பினர்களுக்கு நேரடித் தேர்தல். குழுவினர் பெயரும் தொடர்பு எண்ணும் தமிழ் உள்ளிட்ட மாணவர் மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில்.

2. கர்நாடகத்தில் மாணவர் பேரவைத் தேர்தல்களை மீட்டல்.

3. போதிய அரசு விடுதிகள். தனியார் தங்குமிடங்களில் 2024 விதிமுறைகளை நடைமுறைப்படுத்தும் ஆய்வு.

4. கல்லூரிப் பகுதிகளில் தெருவிளக்கு, இரவுப் பேருந்து, மாணவர்க்கு மெட்ரோ கட்டணச் சலுகை.

5. காவலாளிகள், தூய்மைப் பணியாளர்கள் உள்ளிட்ட வளாகத் தொழிலாளர்க்குப் பணி நிரந்தரமும் பயிற்சியும்.

6. பெண்களுக்கு மட்டுமான ஊரடங்கு விதிகளை நீக்கல்.

நம் கடமைகள் வேறு. பெற்றோர் கூட்டங்களில் கேமராவின் எண்ணிக்கையைக் கேட்பதோடு நிறுத்தாமல், புகார்க் குழு உறுப்பினர் யார், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள், சென்ற ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன என்று கேளுங்கள். புகாரே வரவில்லை என்று பெருமையடித்தால், அங்கேதான் கவலைப்பட வேண்டும். மகனிடமும் பேசுங்கள், "வேண்டாம்" என்ற சொல்லை ஏற்கக் கற்பது அவன் கல்வியின் முதற்பாடம். ஒவ்வொரு கிளையிலும் பெற்றோர், மாணவர், மாதர் தோழர்கள் சேர்ந்த ஒரு சிறு குழு அமைப்போம். மாலையில் திரும்பும் பிள்ளைகள் இறங்கும் நிறுத்தங்களைச் சென்று பார்ப்போம். எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பேருந்து வரவில்லை என்று எழுதி, மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் கூட்டாக முறையிடுவோம்.

இப்போது பீன்யா தோழரின் கேள்விக்கு வருகிறேன். அவர் இங்கே அமர்ந்திருக்கிறார், மகளும் வந்திருக்கிறாள். தோழர், அனுப்புங்கள். ஆபத்தே இல்லை என்று உறுதி சொல்ல என்னால் இயலாது. அப்படி எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அனுப்பும்போது அவளிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல். சொன்னதற்காக உன் படிப்பு நிற்காது." நான் என் மகளிடம் இரண்டு மாதம் தாமதமாகச் சொன்ன வாக்கியம் அது. நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவள் இறங்கும் பேருந்து நிறுத்தத்தை வரும் ஞாயிறு மாலை நாம் எல்லோரும் சேர்ந்தே சென்று பார்ப்போம்.